பளிங்கு மாளிகை கண்ட ஸர் ஜோஸப் பாக்ஸ்டன்

பெரியோர் வரலாற்றைப் படிப்பதனால் வரும் பயன் இரண்டு. அவர் அடைந்த உயர்வைக் கண்டு நாமும் ஊக்கம் பெறுதல் ஒன்று. அவர் ஒரு காரியத்தை எவ்வழியாற் செய்து முடித்தார் என்பதை அறிந்து, நம் காரியங்களிலும் அவ்வழியைக் கைக்கொள்ளுதல் மற்றொன்று. முன்னதை எல்லோரும் செய்வர். பின்னதைச் செய்வோர் சிலரே. இத்திங்கள் யாம் எழுதப் புகுந்தது ஜோஸப் பாக்ஸ்டன் என்னும் ஆங்கிலத் தோட்டக்காரரின் வரலாறாகும். அவர் நம் குலத்திற் பிறந்தவரல்லர். நம் நாட்டைக் கண்டவருமல்லர். எனினும், கரண்டியும் மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் கொண்டு பிழைக்கும் குடும்பங்கள் நம்முள் மிகுதியாதலின், அவர் வரலாறு நமக்கு வேண்டுவதே என்று துணிந்தோம்.

வரலாற்றுக்குட் புகுமுன் சிறியதொரு செய்தியைச் சொல்லுதல் வேண்டும். யாம் முன்னர்ப் பணியாற்றிய பள்ளிக்கூடம் ஒன்றில் புதிய வகுப்பறைகள் கட்டினார்கள். படமும் மதிப்பீடும் எங்கோ ஓரிடத்தில் முடிவாயின. அதன் பின்னரே கட்டுவோர் அழைக்கப்பட்டனர். வாணம் தோண்டக் கயிறு பிடித்த அன்றே, முதியவரான மேஸ்திரி ஒருவர் நிலத்தின் சரிவைப் பார்த்து, மேல்புறத்து வெள்ளமெல்லாம் நேரே அறைகளுக்குள் வருமென்று அறிந்துகொண்டார். ஆயினும் படம் முடிந்துவிட்டது; தொகையும் ஒதுக்கியாயிற்று; படத்தில் உள்ளபடி கட்டுவதே தம் கடமையென்று அவர் கட்டி முடித்தார். அவ்வாண்டு ஐப்பசி மழையில் மாணவர் பலகையின்மேற் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு பாடம் கேட்டனர். முன்னரே ஏன் சொல்லவில்லை என்று அப்பெரியவரை யாம் வினவினோம். அவர் வருத்தமின்றிச் சிரித்து, தம்மிடம் விலை கேட்டார்களேயன்றி யோசனை கேட்கவில்லை என்றார். அச்சொல் இன்றளவும் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. பாக்ஸ்டன் வரலாற்றை யாம் தேடிப் படித்ததற்கு அதுவே காரணம்.

ஜோஸப் பாக்ஸ்டன் 1803-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3-ஆம் நாள், இங்கிலாந்தில் பெட்போர்டு ஜில்லாவைச் சேர்ந்த மில்ட்டன் பிரையன் என்னும் சிற்றூரில், எளிய உழவர் குடும்பத்தில் ஏழாம் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். உயர்ந்த கல்வி பெறுதற்கு வழியில்லை. பதினைந்து வயதளவில் ஒரு செல்வர் மாளிகைத் தோட்டத்தில் வேலைக்காரப் பையனாக அமர்ந்தார். மண் வெட்டுதல், நாற்று நடுதல், குளிர்காலத்திற் செடிகளைக் கண்ணாடிக் கூட்டினுள் வைத்துக் காத்தல் முதலிய வேலைகளே அவருக்குப் பள்ளிக்கூடமாயின.

1823-இல் அவர் லண்டனை அடுத்த சிஸ்விக் என்னுமிடத்தில் தோட்டக்கலைச் சங்கத்தாரின் தோட்டத்தில் வேலை பெற்றார். அவ்வேலை பெறும்பொருட்டுத் தம் வயதை இரண்டாண்டு கூட்டிச் சொன்னார் என்பது அவர் வரலாற்றில் உள்ள சிறு மறு. அதனையும் மறையாது சொல்லுதலே முறை. அத்தோட்டம் இருந்த நிலம் டெவன்ஷயர் டியூக் என்னும் பெருஞ்செல்வருக்கு உரியது. அப்பிரபு தம் இல்லத்திலிருந்து அடிக்கடி அங்கே உலாவ வருவார். வேலையிற் கருத்தும் பேச்சிற் பணிவும் உடைய இளைஞர் ஒருவரை அவர் கண்டார். 1826-இல், சாட்ஸ்வொர்த் என்னுமிடத்திலிருந்த தம் பேரரண்மனைத் தோட்டத்திற்கு அவரையே தலைவராக நியமித்துவிட்டு, பிரபு ருஷியாவுக்குப் பயணமானார். அப்பொழுது பாக்ஸ்டனுக்கு இருபத்துமூன்று வயதும் நிரம்பவில்லை.

அவர் சாட்ஸ்வொர்த்திற்கு வந்து சேர்ந்த நாளின் செய்தி சுவையுடையது. இரவெல்லாம் குதிரை வண்டியிற் பயணஞ்செய்து, 1826-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு அங்கே சேர்ந்தார். கதவு திறக்கப்படவில்லை. மதிலேறி உள்ளே குதித்து, தோட்டம் முழுவதையும் சுற்றிப் பார்த்தார். ஆறு மணிக்கு வேலையாட்கள் வந்ததும் அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார். நீரூற்றுக்களை இயக்கச் செய்து பார்த்தார். பின்னர் அரண்மனை மேற்பார்வை அம்மையாருடன் காலையுணவு கொள்ளச் சென்றவர், அவ்வம்மையாரின் உறவினளான ஸாரா பௌன் என்னும் பெண்ணைக் கண்டு காதல் கொண்டார். இவையெல்லாம் ஒன்பது மணிக்குள் நடந்தன. அடுத்த ஆண்டில் அவ்விருவருக்கும் மணம் நடந்தது. பிற்காலத்திற் பாக்ஸ்டன் ஊரூராய்ச் சென்று பல பெரிய வேலைகளை ஏற்றபோது, சாட்ஸ்வொர்த்தில் இருந்துகொண்டு கணக்கும் ஆட்களும் கெடாமற் காத்தவர் அவ்வம்மையாரே. இல்லாள் பொறுப்பேற்றுத் தாங்கினால் ஒருவன் எத்துணை உயரலாம் என்பதற்கு இக்குடும்பம் நல்ல சான்றாகும்.

சாட்ஸ்வொர்த்தில் அவர் செய்தவற்றுட் சிலவற்றையே ஈண்டுக் கூற இயலும். வெப்ப நாட்டுச் செடிகளை வளர்ப்பதற்காக 277 அடி நீளமும் 123 அடி அகலமும் உள்ள பெரிய கண்ணாடிச் சாலையொன்றை 1836-இல் தொடங்கிச் சில ஆண்டுகளிற் கட்டி முடித்தார். ருஷியச் சக்கரவர்த்தியின் வருகையை எதிர்பார்த்து, ஏறக்குறைய 300 அடி உயரம் நீர் பீறிட்டெழும் ஊற்றொன்றை 1844-இல் அமைத்தார். சக்கரவர்த்தி வரவில்லை, ஊற்று மட்டும் நிலைபெற்றது. செடிகளைத் தேடிக் கல்கத்தா வரை ஆள் அனுப்பப்பட்டது. அங்கே அவர் வளர்த்த குட்டை வாழையொன்றிற்கு டியூக்கின் குடும்பப் பெயரால் கேவண்டிஷ் என்று பெயர் வந்தது. இன்று நம் ஊர்க் கடைகளில் மோரிஸ் என்று விற்கும் வாழைப்பழமும் அக்கேவண்டிஷ் இனத்தைச் சேர்ந்ததே.

கண்ணாடிச் சாலை கட்டியபோது அவர் நடந்துகொண்ட முறையை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். படத்தை எழுதி முடித்துவிட்டுப் பொருளைத் தேடுபவரல்லர் அவர். கண்ணாடி செய்யும் சான்ஸ் சகோதரர் தொழிற்சாலையார் அப்பொழுது மூன்றடி நீளமுள்ள தகடுகளைச் செய்யும் நிலையை அடைந்திருந்தனர். அவர்களோடு கலந்து, மூன்றடி செய்பவர் முயன்றால் நான்கடியும் செய்யலாமன்றோ என்று தூண்டினார். அவர்களும் செய்தனர். தகட்டின் நீளம் கூடியதனால் இடையிலே வேண்டிய சட்டங்கள் குறைந்தன, செலவும் குறைந்தது, ஒளியும் மிகுந்தது. அச்சட்டங்களையும் தச்சர் கையால் ஒவ்வொன்றாக இழைத்தால் நெடுநாளாகும் என்று கண்டு, அவற்றைச் செதுக்குதற்கு ஓர் இயந்திரத்தை அமைத்தார். அதற்காகக் கலைச்சங்கத்தார் அவருக்கு 1841-இல் வெள்ளிப் பதக்கம் அளித்தனர். செய்பவன் கைத்திறன் எவ்வளவு என்றறிந்து, அதற்கேற்பப் படத்தை அமைத்தல் என்னும் முறை அன்றே அவருக்குப் பழக்கமாயிற்று.

1849-இல் தென்னமெரிக்காவிலிருந்து கொணர்ந்த பேராம்பல் ஒன்றின் கன்று அவரிடம் வந்தது. இங்கிலாந்தில் வேறெங்கும் பூவாதிருந்த அது, அவ்வாண்டு நவம்பரில் அவர் தொட்டியிற் பூத்தது. அதன் இலை ஒரு பந்திப் பாயளவு விரிந்தது. தம் சிறு மகளை அவ்விலையின்மேல் நிறுத்திப் பார்த்தார், இலை அமிழவில்லை. திருப்பிப் பார்த்தபோது, நடுவிலிருந்து விரிந்த நரம்புகளும் அவற்றை இணைக்கும் குறுக்கு நரம்புகளும் மெல்லிய இலையைத் தாங்கி நிற்றலைக் கண்டார். அக்கொடிக்கென்று 1850-இற் கட்டிய சிறு கண்ணாடி வீட்டின் கூரையில், மெல்லிய உறுப்புக்களால் அகன்ற பரப்பைத் தாங்கும் முறையை நன்கு பயின்றார்.

இந்நிலையில், இங்கிலாந்து முழுவதும் பேசப்பட்ட பெருங்காரியமொன்று தடுமாறிக்கொண்டிருந்தது. உலகத்து நாடுகள் எல்லாவற்றின் கைத்தொழிற் பொருள்களையும் ஒருங்கே காட்டும் பொருட்காட்சியொன்றை 1851-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று லண்டன் ஹைட் பார்க்கில் தொடங்குவதென்று முடிவாகியிருந்தது. விக்டோரியா அரசியாரின் கணவர் ஆல்பர்ட் கோமகனே அதற்கு முன்னின்றார். கட்டடத்தை ஆராய ஒரு கமிட்டி ஏற்பட்டது. அதில் இருந்தோர் சாமானியரல்லர். கியூபிட், புரூனெல், ராபர்ட் ஸ்டீபன்ஸன் போன்ற எஞ்சினீயர்களும், சார்ல்ஸ் பாரி, காக்கரெல், டொனால்ட்ஸன் என்னும் சிற்பக்கலைஞர்களும், இரண்டு பிரபுக்களும் அதன் அங்கத்தினர். உலகத்தார் யாவரும் படம் அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். 245 படங்கள் வந்தன. ஒன்றும் வேலைக்கு உதவாது என்று கமிட்டியார் தள்ளிவிட்டனர். பின்னர்த் தாமே கூடி ஒரு படம் எழுதினர். அது செங்கல்லால் ஆகிய மிகப் பெருங்கட்டடம். நடுவே 200 அடி குறுக்களவுள்ள இரும்புக் கவிகை. அதற்கு ஒன்றரைக் கோடி செங்கல் வேண்டுமென்று கணக்கிட்டார்கள்.

ஊரார் இதனை எதிர்த்தனர். சில மாதக் காட்சிக்காகப் பூங்காவிற் பெருஞ்சுவர்களை எழுப்புவதா, மரங்களை வெட்டுவதா என்று கூச்சலிட்டனர். அதனினும் பெரிய தடை ஒன்றிருந்தது. அத்தனை செங்கல்லை அறுத்துச் சுட்டு, சுவர் எழுப்பி, ஈரம் உலரவிட்டு, குறித்த நாளுக்குள் முடிக்க இயலுமா என்பதே அது. கமிட்டியார் அனைவரும் பேரறிஞர். ஆனால் அக்கட்டடத்தைத் தம் பொருளையும் ஆட்களையும் கொண்டு கட்டி முடித்துக் கொடுக்க வேண்டியவர் ஒருவரும் அவ்வவையில் இல்லை. பன்னிருவர் கூடி விருந்துக்குப் பட்டியல் எழுதி, அடுப்பங்கரையில் நிற்பவரை ஒரு வார்த்தை கேளாமல் விட்டது போலாயிற்று.

அம்முறையால் விளையும் தீங்கு அந்நகரத்திலேயே கண்முன் நின்றது. 1834-இல் எரிந்துபோன பார்லிமெண்ட் மாளிகைக்குப் பதிலாகப் புதியது கட்டும் வேலை, மேற்சொன்ன பாரி என்பவரின் படத்தின்படி நடந்துகொண்டிருந்தது. ஆறாண்டில் ஏழு லட்சம் பவுனுக்குச் சற்று மேற்பட்ட செலவில் முடியுமென்று மதிப்பிட்ட அவ்வேலை, முடிவில் ஏறத்தாழ முப்பதாண்டுகளையும் இருபது லட்சம் பவுனுக்கு மேலும் விழுங்கிற்று. அதற்குக் காரணங்கள் பல. அம்மாளிகையின் அழகும் பெரிதே. எனினும், படமும் மதிப்பீடும் ஒரு பக்கமும் கட்டும் வேலை மற்றொரு பக்கமுமாக நின்றால் என்னாகும் என்று அஞ்சுதற்கு அஃது இடந்தந்தது.

1850-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மிட்லண்ட் ரயில்வேயின் தலைவரும் பார்லிமெண்ட் அங்கத்தினருமான ஜான் எல்லிஸ் என்பவருடன் பாக்ஸ்டன் லண்டனிற் பேசிக்கொண்டிருந்தார். கமிட்டியின் கட்டடம் தவறாக முடியுமென்றும், தம் மனத்தில் வேறொரு கருத்து உண்டென்றும் தெரிவித்தார். எல்லிஸ் அவரை உடனே பொருட்காட்சி அதிகாரிகளிடம் அழைத்துச் சென்றார். அங்கே ஹென்றி கோல் என்பவர் நுட்பமான ஒரு வழியைக் காட்டினார். ஒப்பந்தக்காரரிடம் டெண்டர் கேட்கும் விளம்பரத்தில், கமிட்டியின் படத்துக்கு விலை சொல்வதோடு, அதனைத் திருத்தும் யோசனை இருப்பினும் சொல்லலாம் என்று ஒரு விதியைச் சேர்ப்பதே அவ்வழி. கட்டுவோர் வாய் திறப்பதற்கு இடங்கொடுத்த அவ்விதி ஒன்றே, கப்பலைத் திருப்பும் சுக்கான் போல, காரியம் முழுவதையும் திருப்பிவிட்டது.

ஜூன் 11-ஆம் நாள் டெர்பி நகரில் ரயில்வே அலுவற் கூட்டமொன்று நடந்தது. அக்கூட்டத்திலிருந்த பாக்ஸ்டன், முன்னிருந்த மையொற்றுத் தாளில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார். அக்கிறுக்கலே பளிங்கு மாளிகையின் முதற்படம். அத்தாள் இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையிற் காக்கப்பட்டு வருகின்றது. ஏறத்தாழ ஒன்பது நாளில் முழுப் படங்களையும் எழுதி முடித்தார். தூண்களும் உத்திரங்களும் பாரத்தைத் தாங்குமா என்பதை ரயில்வே எஞ்சினீயர் பார்லோ கணக்கிட்டுக் கொடுத்தார். படங்களுடன் லண்டனுக்குச் செல்லும் ரயிலில் ராபர்ட் ஸ்டீபன்ஸனைக் கண்டு காட்டினார்; தாமும் கமிட்டியில் ஒருவராயிருந்தும், அவர் அதனை வியந்து பாராட்டினார்.

ஆயினும் படம் மட்டும் போதுமா? இவ்விடத்திலேதான் பாக்ஸ்டனின் அறிவுடைமை விளங்குகின்றது. அவர் நேரே கட்டுவோரிடம் சென்றார். பர்மிங்ஹாமை அடுத்த ஸ்மெதிக் என்னும் ஊரில் இரும்பு வேலை செய்த ஃபாக்ஸ் ஹெண்டர்ஸன் கம்பெனியார், ரயில் நிலையக் கூரைகளும் கப்பற்றுறைக் கூரைகளும் அமைத்துத் தேர்ந்தவர்கள். அவர்களுள் சார்ல்ஸ் ஃபாக்ஸ் என்பவர் எஞ்சினீயராகவே பயின்றவர். கண்ணாடி செய்யும் சான்ஸ் சகோதரரும் அதே ஊரார். இம்மூவரும் ஒருங்கிருந்து, படத்தின் ஒவ்வோர் உறுப்பையும் எடுத்து, இதை வார்க்க இயலுமா, எத்தனை நாளாகும், எவ்வளவு எடை, என்ன விலை என்று ஆராய்ந்தார்கள். இரும்பு ஒவ்வொரு பவுண்டுக்கும், கண்ணாடி ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு வாரத்துக்குள்ளே கணக்கு முடிந்தது. படம் எழுதும் வேலையும் விலை சொல்லும் வேலையும் கட்டும் வேலையும் தனித்தனியே நடவாமல் ஒரே மேசையைச் சுற்றி நடந்தன. அதனால், வார்ப்பதற்கு அரியது எனக் கண்டது எளிதாக மாற்றப்பட்டது. பலவாறாக இருந்த அளவுகள் ஒன்றாயின. தூண்களுக்கிடையே 24 அடி என்னும் அளவே கட்டடம் முழுவதற்கும் அடிப்படையாயிற்று.

ஜூலை மாதத்திற் கம்பெனியார் தம் டெண்டரைக் கொடுத்தனர். காட்சி முடிந்தபின் கட்டடப் பொருள்களைத் தாமே எடுத்துக்கொள்வதாயின் 79,800 பவுனுக்குக் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். இதற்கிடையே பாக்ஸ்டன் தம் படத்தைப் பத்திரிகையில் வெளியிட்டார். மக்கள் அதனை மிக விரும்பினர். பூங்காவின் பெரிய எல்ம் மரங்களை வெட்டாமல் உள்ளடக்குவதற்காக, நடுவே 108 அடி உயரமுள்ள வளைந்த கூரை சேர்க்கப்பட்டது. ஜூலை 26-ஆம் நாள் டெண்டர் ஏற்கப்பட்டது. 30-ஆம் நாள் நிலம் ஒப்படைக்கப்பட்டது. தொடக்க விழாவுக்கு ஒன்பதே மாதம் இருந்தது.

அதன்பின் நடந்த வேலையைப் படிக்குந்தோறும் எமக்கு வியப்பு மிகுகின்றது. ஃபாக்ஸ் நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் ஏழு வாரம் உட்கார்ந்து வேலைப் படங்களை எழுதினார். ஒப்பந்தப் பத்திரம் முறைப்படி முடிவதற்கு முன்னரே கம்பெனியார் தம் பொறுப்பிலே வேலையைத் தொடங்கிவிட்டனர். முதற்றூண் செப்டம்பர் 26-ஆம் நாள் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 3,300 இரும்புத் தூண்கள். மழைநீர் வடிகுழாயாகவும் உதவும்படி அவை உட்டுளையுடையனவாக வார்க்கப்பட்டன. உத்திரங்கள் ரயிலில் வந்திறங்கியவுடன் நீரழுத்தப் பொறியில் வைத்துச் சோதிக்கப்பட்டே மேலேற்றப்பட்டன. கண்ணாடி பதிப்போர், நீர்த்தாரைகளின்மேல் உருளும் மூடுவண்டிகளில் அமர்ந்து, மழைக்கும் அஞ்சாது வேலை செய்தனர். எண்பது பேர் ஒரு வாரத்திற் பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட தகடுகளைப் பதித்தனர். வேலையிடத்தைச் சுற்றி அடைத்த வேலிப் பலகைகளே பின்னர்த் தரைப் பலகைகளாயின. இத்தகைய சிக்கனம் கட்டுபவன் மூளையிலன்றி வேறெங்குத் தோன்றும்?

1,848 அடி நீளமும், ஏறத்தாழ 18 ஏக்கர் பரப்பும், மூன்று லட்சத்தை நெருங்கிய கண்ணாடித் தகடுகளும் கொண்ட அம்மாளிகை குறித்த நாளில், 1851-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, அரசியாரால் திறக்கப்பட்டது. மணிமேகலையில் உவவனத்தினுள் அமைந்த பளிக்கறையைப் படித்த நமக்கு, சோலை நடுவே பளிங்கு மாளிகை என்பது புதிய கருத்தன்று; கதையிற் கண்டதனை இங்கிலாந்து மக்கள் கண்ணாற் கண்டனர். அங்கே நம் பக்கத்துக் கைவன்மையும் விளங்கிற்று. திருவிதாங்கூர் மன்னர் அரசியாருக்கு அனுப்பிய தந்தச் சிங்காசனம் அக்காட்சியிற் பலர் கண்ணையும் கவர்ந்தது. ஐந்தரை மாதத்தில் அறுபது லட்சம் பேர் வந்து சென்றனர்; 1,86,000 பவுன் இலாபமும் கிடைத்தது. அத்தொகையைக் கொண்டே தென் கென்ஸிங்டனிற் காட்சிசாலைகளும் கலைக்கழகங்களும் எழுவதற்கு நிலம் வாங்கப்பட்டது. பாக்ஸ்டனுக்கு ஸர் பட்டம் வழங்கப்பட்டது. அவருக்கு மட்டுமன்று, கட்டிய ஃபாக்ஸுக்கும், மேற்பார்த்த கியூபிட்டுக்கும் அவ்வாண்டிலேயே அப்பட்டம் கிடைத்தது. எண்ணியவர், கட்டியவர், கண்காணித்தவர் மூவரும் ஒருங்கே சிறப்பெய்திய அக்காட்சி நம் உள்ளத்துக்கு இனியது.

குறைகளையும் சொல்லுவோம். கூரை சில இடங்களில் ஒழுகிற்று. வேலை வளர வளர, முதலிற் சொன்ன தொகைக்கு மேலும் செலவாயிற்று. ஃபாக்ஸ் ஹெண்டர்ஸன் கம்பெனியார் வேறு வேலைகளிற் பட்ட நஷ்டத்தால் 1856-இல் முறிந்துபோயினர். மாளிகை பெயர்க்கப்பட்டு, ஸிடன்ஹாம் என்னுமிடத்தில் இன்னும் பெரிதாக எழுப்பப்பட்டு, 1854-இல் மீண்டும் திறக்கப்பட்டது; 1936-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு தீக்கு இரையாயிற்று. அவ்விடத்துப் பூங்காவும் பெயரும் இன்றும் உள்ளன.

பாக்ஸ்டன் 1854 முதல் கவென்ட்ரி நகரின் பார்லிமெண்ட் அங்கத்தினராயிருந்தார். அதன் மறு ஆண்டில், கிரைமியப் போரில் துன்புற்ற படைக்குச் சாலையும் குடிலும் அமைக்கத் தொழிலாளர் படையொன்றைத் திரட்டியனுப்பினார். 1858-இற் டெவன்ஷயர் டியூக் காலமாகும் வரை சாட்ஸ்வொர்த் தோட்டப் பொறுப்பை அவர் விடவில்லை. 1865-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 8-ஆம் நாள், தம் மாளிகைக்கு அருகிலிருந்த ஸிடன்ஹாம் இல்லத்தில் உயிர் நீத்தார். அவருடல் சாட்ஸ்வொர்த்தை அடுத்த எடென்ஸர் என்னும் சிற்றூர்க் கோயில் வளாகத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது.

இனி நாம் கொள்ளவேண்டிய பொருள் யாது? ஏழையாய்ப் பிறந்து உயர்ந்தார் என்பது மட்டுமன்று. கட்டுபவனைக் கடைசியில் அழைத்தால் அவன் கையை மட்டும் பெறுகிறோம். தொடக்கத்தில் அழைத்தால் அவன் அறிவையும் பெறுகிறோம் என்பதே அவர் வாழ்வு காட்டும் பாடம். நம் நாட்டிற் பெரும்பாலான பொதுக்கட்டடங்களுக்குப் படமும் மதிப்பீடும் முடிந்த பின்னரே ஒப்பந்தப்புள்ளி கோருகின்றனர். குறைந்த விலை சொன்னவரிடம் வேலை ஒப்படைக்கப்படுகின்றது. வேலை தொடங்கிய பின் இடர்கள் தோன்றுகின்றன. மாற்றமும் மிகைச் செலவும் வழக்கும் பின்வருகின்றன. இதனை உணர்ந்தே, பிரிட்டிஷ் அரசாங்கத்தார் 2020-இல் வெளியிட்ட கட்டடவேலை நெறிமுறையில், கட்டுவோரையும் பொருள் தருவோரையும் தொடக்கத்திலேயே கலந்துகொள்ளுமாறு தம் இலாகாக்களுக்கு எடுத்துரைத்தனர்.

முன்னரே அழைத்தால் வேண்டியவருக்குச் சலுகை காட்டியதாகாதா என்று சிலர் ஐயுறுவர். ஐயம் நியாயமானதே, அவ்வாறு பொதுப்பணம் பாழாதலும் உண்டு. ஆனால் பளிங்கு மாளிகை விஷயத்தில் நடந்ததை நோக்குக. யோசனை சொல்லும் உரிமை ஒருவர்க்கன்று, டெண்டர் கொடுத்தோர் எல்லோர்க்கும் விளம்பரத்திலேயே அளிக்கப்பட்டது. யோசனையோடு விலையும் சொல்லவேண்டியிருந்தது. படம் பத்திரிகையில் ஊரறிய வந்தது. வேலையைக் கண்காணிக்கக் கட்டுவோரைச் சேராத கியூபிட் இருந்தார். இந்நான்கும் இருக்குமாயின், முன்னே கலத்தலால் தீங்கு நேராது. இவை இல்லையேல், பின்னே அழைத்தாலும் தீங்கு நேரும்.

வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரமும், தெரிந்துவினையாடல் என ஓர் அதிகாரமும் வைத்தார். வினையை ஆராய்தல் ஒன்று; வினை செய்வானை ஆராய்ந்து அவனிடம் விடுதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று தழுவி நிற்றல் வேண்டும். நம் சங்கத்தாரும் ஊர்ப் பெரியோரும் இனிப் பள்ளியோ விடுதியோ மண்டபமோ எழுப்ப நினைக்குங்கால், படம் எழுதுமுன்பே அனுபவமுள்ள கொத்தனாரையும் தச்சரையும் ஒப்பந்தக்காரரையும் அழைத்து, ஒரு பொழுதேனும் மனையில் நடந்து பார்க்கச் சொல்லுதல் நலம். தொழில் செய்யும் நம் இளைஞரும், கேளாத இடத்தில் ஏன் சொல்லவேண்டும் என்று வாளாவிராமல், கணக்கும் படமும் கற்று, கேட்டபோது தெளிவாகச் சொல்லும் தகுதியைத் தேடிக்கொள்ளல் வேண்டும். மேஸ்திரியைக் கேட்டிருந்தால் எம் மாணவர் அன்று நனைந்திருக்க மாட்டார்கள். இனியேனும் நம் பிள்ளைகள் நனையாத கட்டடங்களில் அமர்ந்து கற்கத் திருவருள் துணைபுரிவதாக.